தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். சும்மா கிடைத்தது, கட்டிப் போட்டுப் பால் கறந்துகொள், வயசென்ன சுழியென்ன என்று நோண்டிக் கொண்டிருக்காதே என்று அர்த்தம். ஒருவர் வீட்டுத் தொழுவத்துக்கு ஒரு மாடு வந்தால் இந்தப் பேச்சு சரிதான். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்த ஒரு மாட்டின் பால்தான் என்றால்?

தாம்பரத்துக்கும் குன்றத்தூருக்கும் நடுவே இருக்கிறது திருமுடிவாக்கம். சிட்கோ தொழிற்பேட்டை உள்ள ஊர். லேத், பிரஸ், வெல்டிங், கார் உதிரிபாகம் என்று சின்னச் சின்னப் பட்டறைகள். இங்கே ஒரு பட்டறை முதலாளி சுதந்திர தினத்தன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய் நூறு நோட்டும் பேனாவும் மிட்டாயும் கொடுத்து, பிள்ளைகளோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதனால் பள்ளிக்கூடத்தில் எதுவும் மாறிவிடாது. பாடம் அதேதான், வாத்தியார் அதேதான், மதியச் சாப்பாடும் அதேதான். பிள்ளைகளுக்கு நோட்டு மிச்சம், அவருக்கு மனசு நிறைவு. பழமொழி சொல்கிற தானம் இதுதான். இந்த மாட்டின் பல்லை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

பெரிய கம்பெனிகளின் கதை வேறு. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில் 135-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 2014 ஏப்ரல் முதல் அமலில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் - இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலும் போதும், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கம்பெனி இயங்குகிற பகுதிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சிட்கோவின் சின்னப் பட்டறைகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வராது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பெரிய ஆலைகள் வரும். பல கம்பெனிகள் இந்தப் பணத்தைத் தாங்களே நேரடியாகச் செலவழிப்பதில்லை. தங்கள் பெயரிலேயே ஒரு அறக்கட்டளை தொடங்குகின்றன, அல்லது ஏற்கெனவே இருக்கிற அறக்கட்டளையிடம் கொடுத்துவிடுகின்றன. 2022-23-ல் நாடு முழுவதும் இப்படிச் செலவான தொகை சுமார் 30,000 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கல்விக்குப் போனது.

பெரிய தொகை போலத் தெரியும். ஆனால் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக்கல்விக்கு மட்டும் ஒதுக்கியது 46,767 கோடி. ஒரே ஒரு மாநிலம், ஒரே ஒரு துறை! அப்படியானால் அறக்கட்டளைப் பணத்தைப் பற்றி எதற்கு இவ்வளவு கவலை?

வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். மாதச் சம்பளம் முழுக்க வாடகை, அரிசி, கரண்ட் பில், பஸ் பாஸ் என்று போய்விடுகிற வீட்டில், எப்போதாவது ஊரிலிருந்து வருகிற மாமா கையில் திணிக்கும் 500 ரூபாய்தான் எந்தப் படத்துக்குப் போவது என்று தீர்மானிக்கும். மாமாவுக்குப் பிடித்த படத்துக்குத்தான் போவார்கள் :-) பள்ளிக்கல்வித் துறையும் அப்படித்தான். பெரும்பகுதி சம்பளத்துக்கே சரியாகிவிடும். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க, ஒரு பயிற்சி நடத்த, ஒரு மென்பொருள் வாங்க என்று கையில் மிஞ்சுகிற பணம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குப் பக்கத்தில்தான் அறக்கட்டளை வந்து உட்காருகிறது. தொகை சிறியது, அது பிடித்திருக்கும் இடம் பெரியது.

கொடுப்பவர் நல்லவரா கெட்டவரா என்று ஆராய்வதில் பிரயோஜனம் இல்லை. பெரும்பாலும் நல்லவர்தான். வாங்குகிறவர் "வேண்டாம் ஐயா, இது எங்களுக்குச் சரிப்படாது" என்று சொல்ல முடியுமா? மாட்டின் பல்லில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. சாப்பாட்டுத் தட்டில்!

பெங்களூரில் இஸ்கான் அமைப்பைச் சேர்ந்தவர்கள் 2000-ம் ஆண்டில் தொடங்கியது அட்சய பாத்ரா. பல மாநிலங்களில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு மதிய உணவு போடுகிறது. பிரம்மாண்டமான சமையல்கூடம், சுத்தம், நேரம் தவறாத வண்டி - குறை சொல்ல முடியாத நிர்வாகம். ஆனால் அவர்களின் சமையலில் முட்டை கிடையாது. வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. அது அவர்களின் நம்பிக்கை. தங்கள் வீட்டில் அப்படிச் சமைத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அரசுப் பள்ளித் தட்டில், அரசும் சேர்ந்து தருகிற அரிசியில், எல்லாச் சாதி எல்லா மதப் பிள்ளைகளுக்கும் போடுகிற சாப்பாட்டில் அந்த நம்பிக்கை வந்து உட்காரலாமா என்று கர்நாடகத்தில் உணவு உரிமைக்காரர்கள் கேட்டார்கள். சத்தில் குறைவே இல்லை என்று அறக்கட்டளை பதில் சொன்னது. கேட்டவர்களின் சந்தேகம் சத்தில் மட்டும் இல்லை. பிள்ளை வீட்டில் தின்கிற சாப்பாடு பள்ளிக்கூடத்தில் ஏன் தள்ளிவைக்கப்படுகிறது என்பதும்தான் கேள்வி. அதற்கான பதில் சத்துக் கணக்கில் கிடைக்காது.

2020-ல் இதே அறக்கட்டளை மூலம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் காலை உணவு போட ஏற்பாடு நடந்தது. அப்போதைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித் தன் விருப்ப நிதியிலிருந்து 5 கோடி ரூபாய் கொடுத்தார். சமையல்கூடம் கட்ட மாநகராட்சி இடம் கொடுத்தது. வெங்காயம் பூண்டு விவகாரம் இங்கேயும் கிளம்பியது. தனியார் அறக்கட்டளைக்குப் பொது இடமும் பொதுப் பணமும் ஏன் என்ற கேள்வியும் கிளம்பியது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் அரசே தன் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கிய விரிவாக்கத்தில் அது 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. சமைப்பது சுய உதவிக் குழுப் பெண்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். மதியம் ஏற்கெனவே 2010 முதல் வாரத்துக்கு 5 முட்டை. இந்த முட்டைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்து, படிப்படியாகக் கூடிக் கூடி வந்தது. தேர்தலில் ஓட்டுக் கேட்க வேண்டியவர்கள் போட்ட முட்டை அது.

கர்நாடகத்தில் நடந்த அடுத்த அத்தியாயம் இன்னும் சுவாரசியம். 2024 ஜூலையில் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை அந்த மாநில அரசோடு ஒப்பந்தம் போட்டது. 3 ஆண்டுகளுக்கு 1,500 கோடி ரூபாய். எதற்கு? பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் கூடுதலாக 4 நாள் முட்டை கொடுக்க! அதாவது ஒரு அறக்கட்டளை முட்டை போடுவதில்லை, இன்னொரு அறக்கட்டளை முட்டைக்காகவே 1,500 கோடி தருகிறது. இரண்டாவது நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் 3 ஆண்டு முடிந்த பிறகு? அங்குள்ள பிள்ளையின் தட்டில் முட்டை இருப்பதும் இல்லாததும் எந்தப் பணக்காரரின் மனசு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்ததாகிவிட்டது. தமிழ்நாட்டில் முட்டை நின்றால் அடுத்த நாளே சட்டசபையில் சத்தம் கேட்கும். அறக்கட்டளை நிறுத்தினால் எந்தச் சபையில் கேட்பது?

அமெரிக்காவில் இது நடந்தே விட்டது. கேட்ஸ் அறக்கட்டளை 9 ஆண்டுகளில் ஏறக்குறைய 200 கோடி டாலர் கொட்டி உயர்நிலைப் பள்ளிகளைச் சீர்திருத்தப் பார்த்தது. பெரிய பள்ளிகளை உடைத்துச் சின்னப் பள்ளிகளாக்குவது அதில் முக்கியமான வேலை. அவற்றில் பலவற்றில் பெரிதாக ஒன்றும் முன்னேற்றம் இல்லை என்று 2009-ல் பில் கேட்ஸே எழுதினார். ஒப்புக்கொண்டது பெரிய மனசுதான். அறக்கட்டளை அடுத்த யோசனைக்குப் போய்விட்டது. உடைத்துப் பிரித்த பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை.

கொடையே வேண்டாம் என்று சொல்வதா இது? இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம் வளர்ந்ததே கொடையால்தான். 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோது ஊர்மக்கள் கொடுத்ததும் சேர்ந்துதான் உலை ஏறியது. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊர்க்காரர்களிடம் கேட்டார்கள். ஒருவர் பெஞ்சு, ஒருவர் மணி, ஒருவர் கிணறு. பட்டியல் போட்டது பள்ளி, நிரப்பியது கொடையாளர். இன்றைக்குப் பல இடங்களில் இது தலைகீழ். கொடையாளர் பட்டியலோடு வருகிறார், பள்ளிக்கூடம் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொள்கிறது.

2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் அந்தப் பழைய வழிக்குத் திரும்பும் முயற்சி என்று சொல்லலாம். கம்பெனிகளும் முன்னாள் மாணவர்களும் பொதுமக்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ ஒரு பொது வாசல். ஆனால் மக்களின் பயம் போய்விடவில்லை. 2024 டிசம்பர் கடைசியில் ஒரு தனியார் பள்ளிகள் சங்க நிகழ்ச்சியில், 500 அரசுப் பள்ளிகளுக்கு உதவப் போவதாக அறிவிப்பு வந்தது. "தத்தெடுப்பு" என்ற ஒரு சொல் செய்தியில் வந்ததுதான் தாமதம், அரசுப் பள்ளிகளைத் தனியாருக்குத் தாரை வார்க்கிறார்களா என்று பெரிய சண்டை. உதவிதான், ஒப்படைப்பு இல்லை என்று அமைச்சர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. தத்து என்றால் பிள்ளை யாருடையது என்ற கேள்வி வருமா வராதா?

பணமே கொண்டு வராமல் வகுப்பறைக்குள் நுழைகிற அறக்கட்டளைகளும் உண்டு. 2024 ஆகஸ்டில் அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் ஒரு ஆன்மிக அறக்கட்டளைக்காரர் தன்னம்பிக்கைப் பேச்சு என்று வந்தார். போன ஜென்மப் பாவத்தால்தான் இந்த ஜென்மத்தில் உடல் குறைபாடு என்கிற மாதிரி பேச்சு போனது. அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டவர் ஒரு ஆசிரியர். பார்வையற்றவர். மைக் வைத்திருந்தவர் அவரையே திருப்பி மிரட்டுகிற தொனியில் பேசினார். வீடியோ பரவி, பேசியவர் கைதாகி, வெளியாட்களைப் பள்ளிக்குள் விடுவதற்கு விதிமுறை வரும் என்று அரசு அறிவித்தது எல்லாம் பிறகு. "வேண்டாம்" என்று சொல்ல அன்றைக்கு ஒரு ஆள் இருந்தார். அந்த ஒருவரும் பேசாமல் இருந்திருந்தால் அது இன்னொரு "சிறப்பு நிகழ்ச்சி" என்று பதிவேட்டில் ஏறியிருக்கும்.

பழைய கொடைகளைப் பார்த்தாலும் இந்த "வேண்டாம்" எங்கே இருந்தது என்பதுதான் வித்தியாசம். 1794-ல் இறந்த பச்சையப்ப முதலியார் கோயிலுக்கும் தர்மத்துக்கும்தான் உயில் எழுதினார். பல ஆண்டு வழக்குக்குப் பிறகு, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்களின் முயற்சியில் அதில் ஒரு பகுதி கல்விக்குத் திரும்பி, 1842-ல் பள்ளி வந்தது. பின்னால் கல்லூரி. அண்ணா படித்த கல்லூரி! அந்தக் கல்லூரியிலும் 1947 வரை இந்து மாணவர்களுக்கு மட்டும்தான் இடம். இறந்து போனவரின் கை அவ்வளவு தூரம் நீளும்.

தாம்பரத்தில் இருக்கிற கிறிஸ்தவக் கல்லூரி (1937-ல்தான் ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே வந்தது) ஸ்காட்லாந்து மிஷன் பணத்தில் வளர்ந்தது. கொடுத்தவர்களின் நோக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே படித்த ராதாகிருஷ்ணன் 1908-ல் எழுதிய எம்.ஏ. ஆய்வு, வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதில்! அதைப் பாராட்டியவர் மிஷனரிப் பேராசிரியர் ஹாக். பணம் ஒரு திசையில் தள்ளியது, வாத்தியார் மாணவனைத் தன் போக்கில் விட்டார். அந்த வாத்தியார்தான் அங்கே இருந்த "வேண்டாம்".

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அது இல்லாமல் போனது. ராஜா அண்ணாமலைச் செட்டியார் 20 லட்சம் கொடுத்து 1929-ல் தொடங்கியது. தமிழிசைக்கு அவர் செய்தது தனிக் கட்டுரைக்கு உரியது. அவர் பணமும் பிடிவாதமும் இல்லாவிட்டால் சென்னைக் கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாட்டு இன்னும் கொஞ்ச காலம் கடைசித் துக்கடாவாகவே இருந்திருக்கும். ஆனால் சட்டத்திலேயே நிறுவனர் குடும்பத்துக்கு இணைவேந்தர் பதவி வழிவழியாக எழுதி வைக்கப்பட்டது. வேண்டாம் என்று சொல்ல உள்ளே யாருக்கும் அதிகாரம் இல்லை. கடைசியில் நிதி நெருக்கடி முற்றி, 2013-ல் அரசே தனிச் சட்டம் போட்டு எடுத்துக் கொண்டது. மிதமிஞ்சிய பணியாளர்களை வேறு துறைகளுக்கு அனுப்பிச் சமாளித்ததும் அரசுதான். கொடையின் பெயர் குடும்பத்துக்கு, கடன் ஊருக்கு.

அரசு மட்டும் நிபந்தனை போடுவதில்லையா என்று கேட்கலாம். நன்றாகவே போடுகிறது. 2024-25-ல் சமக்ர சிக்ஷா திட்டத்தில் தமிழகத்துக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு தராமல் நிறுத்தியது. பி.எம். ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்றது. புதிய கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் மிரட்டல் இது என்றது தமிழகம். கொரோனா சமயத்தில் இன்னொரு கூத்து. கம்பெனிகள் பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். கணக்கில் சேரும், முதல்வர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் சேராது என்று 2020-ல் அறிவித்தார்கள். ஆக, நிபந்தனையில் அரசுக்கும் அறக்கட்டளைக்கும் வித்தியாசம் இல்லை. சண்டை போடும் இடத்தில்தான் வித்தியாசம். 2,152 கோடிக்காகத் தமிழகம் சட்டசபையில் பேசியது, நாடாளுமன்றத்தில் கேட்டது, 2025-ல் உச்ச நீதிமன்றம் போனது. ஒரு அறக்கட்டளை "இந்தப் பாடத்திட்டத்தை எடுத்தால்தான் பணம்" என்று சொன்னால், தலைமையாசிரியர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

பத்திரிகைக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கல். பள்ளிக்கூடத்துக்காவது அரசுச் சம்பளம் உண்டு. பத்திரிகைக்கு விளம்பரம்தான் சோறு, விளம்பரத்தில் பெரிய பங்கு அரசுடையது, மிச்சம் ரியல் எஸ்டேட்டும் நகைக்கடையும். இதிலிருந்து தப்பிக்க வந்த வழிதான் அறக்கட்டளை. 2015-ல் பெங்களூரில் சுதந்திர ஊடகங்களுக்கு நிதி தருவதற்கென்றே ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். ஐ.பி.எஸ்.எம்.எஃப். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பணம் கொடுத்தவர்களில் அசிம் பிரேம்ஜி, ரோகிணி நிலகேணி போன்றவர்கள் உண்டு. தி வயர் போன்ற தளங்கள் இந்த நிதியில் நின்றன. கிராமத்துச் செய்திகளைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் தரும் சாய்நாத்தின் பாரி தளமும் ஓர் அறக்கட்டளையின் கீழ், நன்கொடையில்தான் நடக்கிறது. விளம்பரதாரரை நம்பியிருந்தால் நெசவாளி பற்றியும் எலி பிடிக்கிறவர் பற்றியும் யார் பத்துப் பக்கம் எழுதுவார்கள்?

அதனால் இந்தப் பணத்தைப் பழிப்பது நியாயமில்லை. ஆனால் பெங்களூரில் உள்ள நாலைந்து கோடீஸ்வரர்களின் நல்ல மனசு நாட்டின் சுதந்திரப் பத்திரிகைக்கு அஸ்திவாரம் என்றால் அது மெல்லிய அஸ்திவாரம். 2022 செப்டம்பரில் அந்த அறக்கட்டளை அலுவலகத்தில் வருமான வரித் துறை புகுந்தது. ஒரு கதவைத் தட்டினால் பல பத்திரிகைகளின் வீட்டில் தூக்கம் போகும். வெளிநாட்டு அறக்கட்டளைகளும் உதவ முடியாது. பதிவு பெற்ற பத்திரிகைகள் வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் தடை இருக்கிறது. சி.எஸ்.ஆர். பட்டியலிலோ கல்வி, சுகாதாரம், விளையாட்டு என்று நிறைய உண்டு, பத்திரிகை என்று ஒரு வரி கிடையாது. இன்னொரு சங்கடமும் உண்டு. கொடையாளரின் பள்ளித் திட்டம் எங்கோ தோற்றுப் போகிறது என்று வையுங்கள். அவர் பணத்தில் நடக்கும் இதழ் அதை எழுதுமா? தடுக்க யாரும் போன் செய்ய வேண்டியதில்லை. எழுதுகிறவர் கையே கொஞ்சம் தயங்கும்.

தரமணியில் ஆசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இருக்கிறது. லாப நோக்கமில்லாத அறக்கட்டளை ஒன்று 2000 முதல் சென்னையில் நடத்துவது. நல்ல பத்திரிகையாளர்கள் அங்கிருந்து வருகிறார்கள், ஆங்கிலத்தில். திருமுடிவாக்கத்தில் ஏரிக்கரை ஆக்கிரமிப்பு பற்றியோ, பேட்டைக் கழிவுநீர் எங்கே போகிறது என்பது பற்றியோ தமிழில் மாதாமாதம் எழுத ஒரு ஆளை வைக்க எந்த அறக்கட்டளைக்கும் இதுவரை தோன்றியதாகத் தெரியவில்லை. டெல்லிக்குக் கேட்கிற செய்திக்குக் கொடை கிடைக்கும், குன்றத்தூருக்குக் கேட்கிற செய்திக்குக் கிடைக்காது.

மூன்றாவது, தேர்தல் சீர்திருத்தம். வேட்பாளர்கள் தங்கள் சொத்து, கடன், கிரிமினல் வழக்கு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தருகிறார்களே, அது கட்சிகள் மனம் உவந்து கொடுத்ததில்லை. அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் 1999-ல் தொடங்கிய ஏ.டி.ஆர். என்ற அமைப்பு வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் 2002-லும் 2003-லும் தீர்ப்புச் சொல்லி வந்தது. நடுவில் எல்லாக் கட்சிகளும் அபூர்வ ஒற்றுமையோடு சட்டம் போட்டு அதைத் தடுக்கப் பார்த்தன என்பது தனி நகைச்சுவை. இந்த ஏ.டி.ஆருக்கு நிதி கொடுத்தவற்றில் ஃபோர்டு அறக்கட்டளையும் ஒன்று. நேரு காலத்தில், 1952-ல், டெல்லியில் அலுவலகம் திறந்த அதே ஃபோர்டு. 2015-ல் மத்திய அரசு அதைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்து, அடுத்த ஆண்டு எடுத்துவிட்டது.

"அமெரிக்கப் பணத்தில் இந்தியத் தேர்தலைத் திருத்துவதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஏ.டி.ஆர். தனக்கு யார் கொடுத்தது என்பதை வெளியிடுகிறது. வாங்கிய பணத்தை வைத்து அது சட்டம் போடவில்லை, கோர்ட்டுக்குப் போய்க் கேட்டது. நீதிபதிகள் முடியாது என்று சொல்லியிருக்கலாம். இங்கே "வேண்டாம்" சொல்லும் இடம் திறந்தே இருந்தது.

பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டியது தேர்தல் பத்திரம். 2018-ல் வந்தது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று ஓட்டுப் போடுகிறவருக்கு மட்டும் தெரியாது. இதை எதிர்த்துப் போன மனுதாரர்களில் ஏ.டி.ஆரும் உண்டு. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் பத்திரத் திட்டத்தையே ரத்து செய்தது. விவரம் வெளியானபோது நாட்டிலேயே அதிகம் வாங்கியது ஒரு லாட்டரி நிறுவனம் என்று தெரிந்தது - ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு வந்ததைக் கட்சியே தெரிவித்திருந்தது. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லிருந்து தடை! நாடு முழுவதும் பார்த்தால் அதிகம் வாங்கிய கட்சி பா.ஜ.க. கம்பெனி பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் 2 சதவீதத்தைத் தன் ஆண்டறிக்கையில் எழுத வேண்டும், போட்டோவும் போடும். கட்சிக்குக் கொடுத்ததை 6 ஆண்டு மூடி வைக்கச் சட்டமே இடம் கொடுத்தது. மூடியைத் திறக்க அறக்கட்டளைப் பணம் உதவியது என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வளவு பெரிய விஷயங்களுக்கு நடுவே, திருமுடிவாக்கம் மாதிரி ஊரில் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும்? ஒரு சின்ன வாசல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன தேவை என்ற வளர்ச்சித் திட்டத்தை எழுத வேண்டியது இந்தக் குழுதான், 22-வது பிரிவு அதைச் சொல்கிறது. 2022-ல் தமிழகம் முழுவதும் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். பெற்றோர் கூட்டம் கூட்டித் தேர்ந்தெடுத்தார்கள். சுந்தரவடிவேலு காலத்துப் பட்டியல் இன்றைக்குச் சட்டப்படி இவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் கொடை வரும்போது இந்தக் குழுவைக் கேட்கிறார்களா? பெரும்பாலும் கட்டடம் முடிந்து, பெயர்ப் பலகை மாட்டி, ரிப்பன் வெட்டும் நாளில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள்.

கேட்டால் என்ன ஆகும் என்று கற்பனை செய்து பாருங்கள். ஒரு கம்பெனி அறக்கட்டளை ஸ்மார்ட் வகுப்பறை தருவதாக வருகிறது. சுவர் அகலத்துக்கு டி.வி., கலர் பெயிண்ட், வாசலில் பலகை. சி.எஸ்.ஆர். பணத்துக்குப் பிடித்த விஷயம், ஒருமுறை செலவு, போட்டோவில் நன்றாக விழும். பள்ளிக்கு உண்மையில் வேண்டியது மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டிய ஒரு துப்புரவுப் பணியாளர். கழிப்பறை நாற்றத்தால் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. இது எந்த அறக்கட்டளையின் படத்தொகுப்பிலும் வராது.

குழு கூடுகிறது. தலைமையாசிரியர் தீர்மானப் பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கிறார். கம்பெனியிலிருந்து வந்தவர் லேப்டாப்பில் படம் காட்டி முடிக்கிறார். சிட்கோவில் பேக்கிங் வேலைக்குப் போகிற ஓர் அம்மா, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர், எழுந்து கேட்கிறார்: "டி.வி. இருக்கட்டும் சார், பாத்ரூம் கழுவ ஆள் போடுவீங்களா?"

அந்தக் கேள்வியும், அதற்கு அவர் சொல்லும் பதிலும் பதிவேட்டில் ஏற வேண்டும். கையெழுத்து அதற்குக் கீழேதான்.